பக்கத்து நட்சத்திரம்

மூன்று வாரத்துக்கு ஒருமுறை பொங்கித் தீர்க்கும் நட்சத்திரம் அது. குறுநோவா என்பார்கள். துணை நட்சத்திரத்திடமிருந்து வாயுவை உறிஞ்சிச் சேர்த்துவைக்கும். தாங்காமல் போனதும் பளீரென்று எரிந்து, சில நாளில் அடங்கிவிடும். அந்த இடைவெளியை அளப்பதுதான் அவளுக்குப் பிழைப்பு. நல்ல பிழைப்புதான், போங்கள்.

கணவன் இறந்து, விடுப்பு முடிந்து வந்ததிலிருந்து மாதக்கணக்காக அளக்கிறாள்; நட்சத்திரம் மூச்சு விடவில்லை. வரைபடத்தில் புள்ளிகள் ஒரே கோடாய்ப் போயின. பொங்குவதை அது நிறுத்திவிட்டது என்று அறிக்கையே எழுதிவிட்டாள். நாளை எல்லா ஆய்வகங்களுக்கும் போய்விடும். உள்ளுக்குள் அவளுக்கு ஒரு அற்பத் திருப்திகூட இருந்தது. அதுவும் நிற்கட்டுமே, அதற்கு மட்டும் என்ன வந்தது?

யார் கேட்டாலும் "நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். சாப்பிட்டாள், தூங்கினாள், அழவில்லை. தைரியசாலி என்று மெச்சியவர்களே கல்நெஞ்சுக்காரி என்றும் முணுமுணுத்தார்கள். ஊருக்கென்ன, இரண்டு நாக்கு.

பக்கத்து மேஜைக்காரனுக்கு ஸ்வெட்டர் என்று பட்டப்பெயர். கோடையிலும் அதைக் கழற்றமாட்டான். அறிக்கையைப் படித்துவிட்டு எழுந்து வந்தவன், அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, நீங்க லீவுல இருந்தப்ப கேமராவைக் கழட்டித் துடைச்சோம்."

"சரி."

"திரும்ப மாட்டினப்போ தலைகீழா மாட்டிட்டோம். அப்பலேர்ந்து படமெல்லாம் தலைகீழாத்தான் வருது."

படத்தின் நடுவிலுள்ள வேறொரு பிரகாசமான நட்சத்திரத்துக்கு இடப்பக்கம், குறுநோவாவின் மேல், ஒளியை அளக்கும் வட்டத்தை வைப்பது அவள் கைக்கு வருஷக்கணக்கான பழக்கம். படம் தலைகீழானதில் குறுநோவா வலப்பக்கம் போயிருந்தது. வட்டத்துக்குள் இருந்தது மங்கலான வேறொரு நட்சத்திரம். என்றைக்கும் மாறாதது, பாவம்.

"யாரா இருந்தாலும் நடக்கிறதுதான் அக்கா."

"யாரா இருந்தாலும் படத்தைப் பார்த்திருப்பாங்க. நான் வட்டத்தை வெச்சேன், நம்பரை எடுத்தேன்."

வட்டத்தை வலப்பக்கம் நகர்த்தி எல்லாப் படங்களையும் மறுபடி ஓட்டினாள். கோட்டில் மேடு மேடாக எழுந்தது. மூன்று வாரத்துக்கு ஒன்று, பிசகே இல்லை. விடுப்பின்போது தொலைநோக்கி தானாக எடுத்துவைத்த படங்களையும் விடவில்லை; கேமராவைக் கழற்றுவதற்கு முந்தையவற்றில் மட்டும் வட்டத்தை இடப்பக்கமே வைத்தாள். கணவன் போன அன்றைக்கும் ஒரு மேடு இருந்தது.

"சனியன், அன்னிக்காவது சும்மா இருந்திருக்கக் கூடாதா" என்றாள். பிறகு அறிக்கையை அழித்தாள். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஸ்வெட்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"நீங்க எப்படி இருக்கீங்க அக்கா?"

வழக்கமான பதில் வாய்வரை வந்து நின்றது.

"தெரியல" என்றாள். "அதையும் நான் பார்க்கல."