வைசனின் குரல்

லிம்பே நகரத் தேவாலயக் கூடத்தில் வியாழக்கிழமை மத்தியானங்களில் புற்றுநோய்க்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து மனசுவிட்டுப் பேசுவார்கள். வைசன் மட்டும் பேசமாட்டார். மினிபஸ் நடத்துநராக ஊரையே கூவி அழைத்த மனுஷர். மார்ச் மாதம் குரல்வளையை வெட்டி எடுத்துவிட்டார்கள். கழுத்துத் துளையைக் கைக்குட்டையால் மூடியபடி இருப்பார். அவருக்கும் சேர்த்து மனைவி எனிஃபாதான் பேசுவாள்.

அன்று புதிதாக ஒருவர் வந்திருந்தார். பெயர் ம்சுக்வா. கரோங்கா பக்கத்து ஏரி மீனவர், கல்லீரல் புற்றுக்கு வைத்தியம் பார்க்கக் குடும்பத்தோடு லிம்பேயில் தங்கியிருந்தார்.

"கூச்சப்படாம சொல்லுங்கண்ணே. அழுதாலும் சரிதான், டீய மட்டும் ஆறவிட்டுடாதீங்க," என்றாள் நர்ஸ் தடாலா.

அவர் வாயைத் திறந்தார். எனிஃபாவின் மடியில் தேநீர் கொட்டியது.

அது வைசனின் குரல். அதே கரகரப்பு, பேச்சு முடிகிற இடத்தில் அதே இழுப்பு. வைசனின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. மற்றவர்கள் வைசன் பேசிக் கேட்டதே இல்லை, சாதாரணமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சுட்டுடுச்சாம்மா?" என்று அந்தக் குரல் எனிஃபாவைக் கேட்டது.

அடுத்த வாரம் அவள் ம்சுக்வா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். என்ன மீன் பிடிப்பீங்க, வலை யார் பின்னுவாங்க என்று எதையாவது கேட்டபடி, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். வைசனுக்கு வயிறு எரிந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மற்றவர்கள் எழுந்து போய் மூன்று பேர் மட்டும் மிஞ்சியதும் ம்சுக்வா வைசன் பக்கம் திரும்பினார். "அண்ணே, இது உங்களோடதா? மார்ச்ல ஒருநாள் காலைல எந்திரிச்சேன், வாயில வேற யாரோ பேசுறாங்க. என் சின்ன மக கிட்டக்கூட வரமாட்டேங்குறா." நாற்காலியை நெருக்கிப் போட்டார். "ஏதாச்சும் சொல்லணும்னா சொல்லுங்க."

சொல்லிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார். வைசனின் உதடுகள் அசைந்தன. எதிரே ம்சுக்வாவின் வாயில் வைசனின் குரல் பேசியது.

"எனிஃபா, ஆபரேஷன் வேணாம்னுதானே சொன்னேன்? நீதான் கெஞ்சிக் கூத்தாடி ஒத்துக்க வெச்ச. எனக்கு உன்மேல கோபம்."

வைசன் உதட்டை இறுக மூடிக்கொண்டார். குரல் நிற்கவில்லை.

"பொய். கோபமெல்லாம் இல்ல. இந்த ஓட்டையப் பாத்துட்டு நீ விட்டுட்டுப் போயிடுவியோன்னு பயம்."

அதை வைசன் தனக்குள்கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

எனிஃபா குரல் வந்த பக்கம் பார்க்கவில்லை. புருஷன் முகத்தையே பார்த்தாள். "எங்கய்யா போவேன், பைத்தியக்கார மனுஷா?" என்று சொல்லி அழுதாள்.

மழைக்காலத்தில் ம்சுக்வா இறந்துபோனார். துக்கத்துக்குப் போனபோது அவர் மனைவி சொன்னாள்: "கடைசியில அவரோட சொந்தக் குரலே திரும்பி வந்துடுச்சு. மக ஓடிப்போயி பக்கத்துல படுத்துக்கிட்டா."

திரும்பி வரும்போது மினிபஸ்ஸில் எனிஃபா மெதுவாகக் கேட்டாள்: "அப்ப உங்களோடது எங்க போச்சு?"

வாசலில் நடத்துநர் பையன் ஊர்ப்பெயரைக் கூவியதும் வைசன் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினார்.

இப்போதெல்லாம் சந்தையில் முதுகுக்குப் பின்னால் யாராவது ஆம்பளை பேசினால், இரண்டு பேரும் அப்படியே நின்றுவிடுகிறார்கள்.