நாற்பது விளக்குக்கு மேல்

தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து பனியன் கம்பெனியில் ஆறு வருஷம் செக்கிங் பார்த்தவள் ரோஸ்மேரி. இப்போது நல்லூரில் குமாரவேலின் மேடை விளக்குக் கடையில் கம்ப்யூட்டர் அவள் பொறுப்பு. எந்த விளக்கு எப்போது எரிய வேண்டும், எந்த நிறத்தில், எந்தப் பக்கம் திரும்பி என்பதெல்லாம் மூன்று வருஷமாக ஒரே சாப்ட்வேரில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு விரல் நீளத்தில் ஒரு சாவி. கம்ப்யூட்டரில் செருகினால்தான் திறக்கும்.

2009 மே கடைசியில், அதை விற்ற கோயம்புத்தூர் டீலர் போன் செய்தார். இனிமேல் ஒரு சாவிக்கு நாற்பது விளக்குதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் இன்னொரு விலையில் வேறு சாவி, அதையும் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். பழைய சாவி மாசக் கடைசியோடு சரி.

குமாரவேலிடம் இருந்தது அறுபத்திரண்டு விளக்கு. ஜூன் இரண்டாம் தேதி பல்லடம் ரோட்டு மண்டபத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி விழா. சரக்கு வாங்க வரும் வெளிநாட்டு பையர்கள் முன்னால் புது பனியன்களைப் போட்டுக்கொண்டு பெண்கள் நடந்து காட்டப் போகிறார்கள்.

"விளக்கும் நம்முளுது, கரண்டும் நம்முளுது. எத்தன எரியோணும்னு அவீங்க சொல்றாங்களே!" என்றார் குமாரவேல்.

"இலவசமா வேற சாப்ட்வேர் ஒண்ணு இருக்குண்ணா. பிரவுசிங் சென்டர்ல பார்த்தேன். எத்தனை விளக்குன்னு கேக்காது."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பழைய சாப்ட்வேரில் செய்தது எதுவும் புதியதில் திறக்காது. எல்லாம் முதலிலிருந்து. கையில் இருந்தது ஐந்து நாள்.

உட்கார முடியவில்லை. நின்றபடியே சாப்பிட்டாள். வீட்டிலும் விரல்கள் காற்றில் எதையோ தட்டிக்கொண்டிருந்தன. "ஏட்டி, சோத்தைப் பாரு" என்றான் புருஷன் முனீஸ்.

ஒத்திகையில் சுழலும் விளக்குகள் மேடையை விட்டுவிட்டு நாற்காலிகளைப் பார்த்துத் திரும்பின. புது சாப்ட்வேருக்கு அந்த விளக்குகளைத் தெரியவில்லை. அவற்றோடு வந்த புத்தகத்தைப் பிரித்து, திரும்புவதற்கு எந்த எண், குனிவதற்கு எந்த எண் என்று ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்தாள். பகல் முழுக்க அதற்கே போயிற்று.

விழாவன்று சாயங்காலம் குமாரவேல் சட்டைப் பையிலிருந்து ஒரு புதுச் சாவியை எடுத்தார். "காலைல போய் வாங்கியாந்துட்டனுங்க அம்மிணி. சும்மா ஒரு தைரியத்துக்கு."

அவளுக்கு முகம் சுட்டது. "மேசைமேல வைங்கண்ணா" என்றாள்.

நாலாவது பெண் நடந்து வரும்போது திரை உறைந்தது. மவுஸ் அசையவில்லை. மேடை அடர்நீலத்தில் அப்படியே நின்றுவிட, சிவப்பு பனியனும் மஞ்சள் பனியனும் ஒரே கறுப்பாகத் தெரிந்தன.

"சாவியப் போடுங்க, சாவியப் போடுங்க!" குமாரவேல் மேசைமேல் இருந்த சாவியை எடுத்து நீட்டினார்.

"பழைய சாப்ட்வேர்ல இந்த ஷோவே இல்லையேண்ணா!"

முன்பக்கத்து வெள்ளை விளக்குகளை மட்டும், கட்டையைக் கையால் தள்ளி வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் பழைய போர்டில் அவள் தனியாக இணைத்து வைத்திருந்தாள். தள்ளினாள். வெளிச்சம் ஏறியது, நிறங்கள் வந்தன.

"இதை நீங்க பிடிங்க. நான் சொல்லும்போது ஏத்துங்க, சொல்லும்போது இறக்குங்க."

முதலாளி போர்டைப் பிடித்துக்கொண்டார். "ஏத்துங்க... இன்னும்... போதும்" என்று சொல்லிக்கொண்டே அவள் கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டாள். எட்டு நிமிஷம். ஒன்பதாவது பெண் வந்தபோது மற்ற விளக்குகளும் மறுபடி அவள் கைக்கு வந்தன. கீழே கைதட்டினார்கள். நடுவில் வந்த அந்த வெள்ளை வெளிச்சம் பிரமாதம் என்று கம்பெனி மேனேஜர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

வண்டியில் சாமான் ஏற்றும்போது குமாரவேல் மெதுவாகச் சொன்னார்: "அந்தச் சாவிய வாங்கியிருக்கக் கூடாதுங்க."

"என்கிட்டச் சொல்லாம வாங்கியிருக்கக் கூடாதுண்ணா."

கையிலிருந்த பெட்டியை அவர் வண்டியில் வைத்தார். "ஆமாங்க" என்றார்.

மறுநாள் கடை திறந்ததும் அவள்தான் முதலில் வந்தாள். துழாவித் துழாவிக் கண்டுபிடித்தாள்: ஷோ நடுவில் வைரஸ் தேடும் புரோகிராம் தானாகக் கிளம்பியிருக்கிறது. அதை நிறுத்திவிட்டு முழு ஷோவையும் ஓட்டினாள். எங்கும் நிற்கவில்லை.

"அப்ப அடுத்த வாரம் காங்கேயம் கல்யாண விளக்குக்கும் இதே சாப்ட்வேர்தானுங்களே?" என்றார் குமாரவேல்.

"இதேதாண்ணா" என்றவள், மனசு அடங்காமல் இன்னொரு தடவை முதலிலிருந்து ஓட்டினாள்.