புள்ளிகூட வராது

ஆறு மாதமாக நிலோபர் அந்த ஒரு பக்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தென்காசியில் சாஃப்ட்வேர் கம்பெனி வேலை போக மிச்ச நேரமெல்லாம் அதற்குத்தான். கம்ப்யூட்டரில் மென்பொருள்களை இறக்கி நிறுவித் தரும் ஓர் இலவசக் கருவிக்கு, தமிழில் வழிகாட்டி. கருவியை நடத்தும் குழு ஒரே நிபந்தனைதான் போட்டது. கம்ப்யூட்டர் அதிகம் பழகாத ஒருவர், யாரிடமும் கேட்காமல், பக்கத்தைப் படித்தே வேலையை முடிக்க வேண்டும். எழுதியது யார் என்று அவருக்குத் தெரியக்கூடாது. இரண்டு வாய்ப்பு. தவறினால் தமிழ்ப் பக்கம் வெளிவராது.

குற்றாலத்தில் தையல்கடை வைத்திருக்கும் முத்துவடிவுதான் ஆள். புது எம்பிராய்டரி மெஷினுக்குப் பூ வரைய ஒரு மென்பொருள் அவளுக்கும் வேண்டியிருந்தது. குறிப்பெடுக்க வந்தவள் போல அருகில் உட்காரலாம், வாய் திறக்கக்கூடாது என்பது நிலோபருக்கு உத்தரவு.

முதல் வாய்ப்பு போன வாரமே போய்விட்டது. பாஸ்வேர்டு அடிக்கும் இடத்தில் திரையில் எதுவும் தெரியாது. அந்தக் கருவியின் வழக்கம் அது. நிலோபருக்குப் பழகிப்போன விஷயமாதலால் அதையெல்லாம் எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை, மகா புத்திசாலி. முத்துவடிவு அடித்தாள், ஒன்றும் விழவில்லை.

"சாரல்ல கீபோர்டு நமத்துப் போச்சுட்டி," என்று அதைக் கவிழ்த்துத் தட்டினாள்.

சீசன் நேரத்தில் குற்றாலத்தில் அப்பளமே அரைமணி நேரம் தாங்காது, அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? தையல்காரிக்குத் தெரிந்த வைத்தியத்தையும் செய்தாள். அயர்ன் பாக்ஸைச் சூடாக்கி மேலே காட்டியதில் நாலு எழுத்துப் பொத்தான்கள் இளகிப் போயின. நிலோபர் பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

இன்று புதுக் கீபோர்டு. வழிகாட்டிப் பக்கத்திலும் புதிதாகச் சில வரிகள் சேர்ந்திருந்தன. முத்துவடிவு திரையில் விரல் வைத்துச் சத்தமாகப் படித்தாள்.

"'அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது, புள்ளிகூட வராது. கீபோர்டு நனையவில்லை, காயவைக்க வேண்டாம். முழுதாக அடித்துவிட்டு என்டரைத் தட்டுங்கள்.'"

பாஸ்வேர்டு கேட்கும் இடத்துக்கு வந்தாள். பிறகு ஒவ்வோர் எழுத்தாக வாய்க்குள் சொல்லிக்கொண்டு அடித்தாள். எதுவும் தெரியவில்லை. அவள் நிறுத்தவும் இல்லை. முகம் தெரியாத யாரோ எழுதிய வரியை நம்பி ஒரு மனுஷி இப்படி விரலை நகர்த்துகிறாளே என்று நிலோபருக்கு உடம்பு சிலிர்த்தது. தான் எழுதியதற்கு இவ்வளவு வலு உண்டென்று அவள் நினைத்ததே இல்லை. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

என்டர் விழுந்தது. எழுத்துகள் மளமளவென்று ஓடி, 'நிறுவி முடிந்தது' என்று நின்றன.

"வந்துட்டு பாத்தியா," என்றாள் முத்துவடிவு. "எழுதுன புண்ணியவான் எந்த ஊர்ல இருக்கானோ. ஆனா நான் பட்ட பாட்டைப் பக்கத்துல உக்காந்து பாத்த மாதிரில்லா எழுதியிருக்கான்."

நிலோபர் எழுந்து கடை வாசலுக்குப் போய், சாரலில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.