இரண்டாவது குன்மனாரா

முல்கா மரக்கிளையால் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள் டல்சி. குப்பைக்காக அல்ல, தம்பியின் காலடிகளை அழிப்பதற்காக. செத்தவனின் காலடி மண்ணில் கிடந்தால் அவன் போக மாட்டான், வீட்டையே சுற்றிக்கொண்டிருப்பான். கதவிலிருந்து விறகுக் குவியல் வரை அழித்தாயிற்று. நாய்களுக்குத் தண்ணீர் வைக்கும் இடமும் ஆயிற்று. குழாயடியில் மட்டும் ஒரு காலடி மிச்சமிருந்தது. சேற்றில் அழுந்தி வெயிலில் காய்ந்த வலது கால். அதன் பக்கம் போகும்போதெல்லாம் கிளை தானாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

அவன் பெயரை நானும் எழுதப்போவதில்லை. இந்தப் பாலைவனத்துப் பழங்குடிகளிடையே இறந்தவன் பெயரைச் சொல்லக் கூடாது. குடும்பம் அந்தப் பெயரை விடுவிக்கும்வரை அவன் வெறும் குன்மனாரா, பெயரில்லாதவன். உயிரோடிருக்கும் ஒருவனுக்கு அதே பெயர் இருந்தால் அவனுக்கும் அதே கதிதான். எங்கள் கடையில் டின் அடுக்குகிற பையன், தூரத்துச் சொந்தம் ஒருவர் செத்ததால் கல்யாணத்தன்றுகூட குன்மனாராவாகத்தான் நின்றான்.

தம்பி, முதுகுப்பை மாட்டிக்கொண்டு வரும் வெள்ளைக்கார இளசுகளைப் பாலைவனத்துக்குள் கூட்டிப்போய் முகாம் போட்டுத் தங்கவைக்கும் வேலையில் இருந்தான். எங்கே தோண்டினால் தண்ணீர், எந்த வேருக்குள் புழு, எந்த நட்சத்திரம் யாருடைய அக்கா என்று காட்டுவான். கம்பெனி முதலாளிக்கும் அவனுக்கும் ஒரே பெயர். ஒரே மாட்டுப் பண்ணையில், ஒரே கோடையில் பிறந்தவர்கள். முதலாளியின் அம்மா தன் பிள்ளைக்கு வைத்த பெயரைக் கேட்டு, அவள் அடுப்படியில் வேலை பார்த்த டல்சியின் அம்மா, நன்றாயிருக்கிறதே என்று தன் பிள்ளைக்கும் வைத்துவிட்டாள். முதலாளி கம்பெனிக்கும் அதையே வைத்தான். பஸ்ஸின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் அந்தப் பெயர், பக்கத்தில் தம்பியின் சிரித்த முகம். பார்க்கிறவர்கள் கம்பெனியே இவனுடையது என்று நினைப்பார்கள். முகம் இவனுடையது, பெயர் இருவருடையது, வரும்படி மட்டும் அவனுடையது.

கடைசிப் பயணத்தில் முதலாளியும் கூடப் போயிருந்தான். உச்சி வெயிலில் யாரோ ஒரு பயணியின் ட்ரோன் மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தது. "பொழுது சாயட்டும், மண்ணு இப்ப ஆளைத் தின்னுடும்" என்று தம்பி சொல்லியிருக்கிறான். விருந்தாளி முகம் சுளிக்கிறார், இப்போதே போ என்றான் முதலாளி. இவன் போனான். முதலாளி அடுப்பு மூட்டி, இறைச்சி வாட்டி, எல்லாருக்கும் பரிமாறி, தட்டுகளைக் கழுவி அடுக்கிவிட்டுத்தான் தேடப் போனான். பாலைச் சவுக்கு மரத்தடியில் கிடந்தான் தம்பி. ட்ரோன் பக்கத்தில் பத்திரமாக இருந்தது.

அதோடு விட்டானா? 'ராத்திரி பூரா குடிச்சிருந்தான், அதான் வெயில் தாங்கல' என்று போலீஸில் சொல்லிவிட்டான். அப்பா குடித்தே செத்த நாளிலிருந்து ஒரு சொட்டுத் தொடாதவனைப் பற்றி இப்படி ஒரு சொல். அந்தப் பயணத்தில் வந்த ஆன்லீஸ் என்ற டச்சுப் பெண் அழுதுகொண்டே வந்து டல்சியிடம் சொன்னாள்: "ராத்திரி பூரா எங்களுக்கு நட்சத்திரம் காட்டிட்டிருந்தாரு. டீதான் குடிச்சாரு. நாந்தான் போட்டுக் குடுத்தேன்."

உயிரை எடுத்தது போதாதென்று பெயரையும் கெடுத்தான். டல்சிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அவனும் ஒரு நாள் இப்படி வயிறெரிந்து உட்கார வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு வேண்டுதல் இல்லை. சர்ச்சில்கூட அதைத்தான் வேண்டிக்கொண்டாள்.

புழுதி கிளப்பிக்கொண்டு அந்த பஸ் வந்தது. வேலிக்கு அப்பால் மர நிழலில் துக்கத்துக்கு உட்கார்ந்திருந்த கூட்டம் தம்பியின் முகம் தெரிந்ததும் ஓலமிட்டது. பெண்கள் குனிந்துகொண்டார்கள். முதலாளி மாவு மூட்டை, தேயிலை, சர்க்கரை, கம்பளி எல்லாம் கொண்டுவந்திருந்தான். இங்கேயே பிறந்தவன், முறை தெரியாதவன் இல்லை. வண்டியைக் குழாயடியில் நிறுத்திவிட்டு இறங்கினான். பூட்ஸ் கால் நேராக அந்தக் காலடிமேல் விழுந்தது. டல்சி பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பியின் மனைவி க்ளெனிஸ் தலையோடு கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தாள். "யாரு வந்திருக்கா?" என்று உள்ளிருந்தே கேட்டாள்.

யாராவது கேட்டால் பெயரைச் சொல்லிப் பழக்கப்பட்ட வாய். முதலாளி தன் பெயரைச் சொன்னான்.

க்ளெனிஸிடமிருந்து வந்த சத்தத்தில் நாய்கள் எழுந்து ஓடின. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். முதலாளிக்கு அப்புறம்தான் உறைத்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். டல்சி அவனையே பார்த்தபடி நின்றாள். அவளுக்குள் ஏதோ ஒன்று மெதுவாக இடம் பார்த்து உட்கார்ந்தது.

டல்சியின் பெரியப்பா மகன் வெர்னன் ஈட்டியோடு எழுந்தான்.

"தெரியும் வெர்னன். அதுக்குத்தான் வந்தேன்" என்று முதலாளி அரைக்கால் சட்டையைத் தொடைக்கு மேல் ஏற்றினான். வெயில் படாத தொடை மாவு மாதிரி வெளுத்திருந்தது. "குத்து. உங்க வழக்கப்படியே முடிச்சுக்கலாம். ரத்தம் வந்துட்டா அதோட பகை தீந்துச்சு, இல்லையா? கட்டுத்துணிகூட எடுத்துட்டு வந்திருக்கேன்."

வெர்னன் ஈட்டியை ஓங்கினான்.

"அண்ணே, கீழ வை" என்றாள் டல்சி.

"ஏன்?"

"குத்தினா ஆறிடும். ஆறினா மறுபடி பஸ்ஸ ஓட்டிட்டு வந்துடுவான்." அவள் முதலாளியின் எதிரே போய் நின்றாள். "என் தம்பி குடிச்சிருந்தானா?"

அவன் தொப்பியைச் சுழற்றினான். "போலீஸ்ல சொல்லியாச்சு டல்சி. இப்ப மாத்தினா கம்பெனியையே மூடிடுவாங்க."

"நாளைக்கு சர்ச்சுல எல்லாரு முன்னாடியும் சொல்லு. அவன் குடிக்கல, வெயில்ல நாந்தான் அனுப்பினேன்னு சொல்லு. சொல்லிட்டா ஈட்டியோட முடிஞ்சுது."

அவன் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தான். "அத மட்டும் கேக்காத. வேற எது வேணாலும் கேளு."

"சரி, குன்மனாரா."

முதலாளி நிமிர்ந்தான். "என்ன கூப்பிட்ட?"

"செத்தவன் பேரு உன் பேரு. எங்க வாயில இனி அது வராது. அந்தப் பேர் போட்ட வண்டி இந்தப் பாதையில வராது. மணல்மேடு, பாறைச்சுனை, நீ முகாம் போடுற இடம் எல்லாம் எங்க எடம், துக்கத்துக்கு மூடியாச்சு. வண்டி ரேடியோவுல உன் பேரச் சொல்லிக் கூப்பிட்டுப் பாரு. ஒரு பய பதில் சொல்ல மாட்டான்."

"எவ்வளவு நாள்?"

"அழுது முடியிற வரைக்கும்."

"எப்ப முடியும்?"

"எனக்கு அழுகை மெதுவாத்தான் வரும்."

கூட்டத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். "வண்டியில வேற பேரு எழுதிக்கிறேன்" என்றான் முதலாளி.

"எழுதிக்க. பேரு புதுசா இருந்தாலும் ஆளு குன்மனாராதான். பாதை மூடினது மூடினதுதான்."

அவனுக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. சீசன் தொடங்கப்போகிற நேரம். வேறு பாதை கிடையாது, வேறு மணல்மேடு கிடையாது, வழி காட்டவும் ஆள் கிடையாது. அவன் வெர்னன் பக்கம் திரும்பினான். கால்சட்டை இன்னும் தொடைக்கு மேலேயே இருந்தது.

"வெர்னன், குத்துடா. சின்ன வயசுல ஒண்ணா ஓடினவங்கதானே நாம. தயவு செஞ்சு குத்து."

வெர்னன் டல்சியைப் பார்த்தான். பிறகு ஈட்டியை முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டு மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். "கால மூடு குன்மனாரா. பொம்பளைங்க இருக்காங்க" என்றான்.

க்ளெனிஸ் கம்பளியை விலக்கி எழுந்தாள். துக்கத்துக்கு நெற்றியில் பூசக் கரைத்து வைத்திருந்த வெள்ளைக் களிமண் டின்னைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிடம் போனாள். புருஷன் முகத்தில் முதலில் கன்னத்தில் பூசினாள், பிறகு கண்ணில், கடைசியாகச் சிரிப்பில். அதன்பின் பக்கத்திலிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போனாள். முதலாளி தடுக்கவில்லை. பெயரில்லாத பஸ்ஸில் ஏறி, வந்த வழியே போனான். மாவு மூட்டையை யாரும் தொடவில்லை. சாயங்காலம் தொட்டார்கள், பசி வேறு, கோபம் வேறு.

டல்சி மறுபடி கிளையை எடுத்தாள். முதலாளி நின்ற இடத்திலிருந்து தொடங்கி அவனுடைய பூட்ஸ் தடங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தாள்.

"அவன் இன்னும் சாகலயேம்மா" என்றான் வெர்னன்.

"தெரியும்."

குழாயடி வந்தது. பூட்ஸ் மிதித்ததில் தம்பியின் காலடியில் குதிகால் நொறுங்கியிருந்தது. விரல்கள் ஐந்தும் தப்பியிருந்தன. டல்சி பக்கத்தில் குந்தினாள். கிளையைக் கீழே போட்டாள். கையை நீட்டிக் குழாயைக் கொஞ்சமாகத் திறந்தாள். தண்ணீர் மண்ணில் ஊர்ந்து வந்து முதலில் பெருவிரலில் நிறைந்தது.