பிமவும் பீமவும்

ஜஸ்லாவுக்குச் சிங்களம் தெரியாது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், முகம் கறுத்துவிடும். உக்குவளைச் சந்தியில் மீனுக்கும் மரக்கறிக்கும் பேரம் பேசுகிறவளுக்கு, ஆஸ்பத்திரிச் சிங்களத்துக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது? கூட வருகிறேன் என்ற கணவன் அன்ஸாபை லொறி வேலைக்கு அனுப்பிவிட்டு, மகனைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாகவே மாத்தளைக்குப் பஸ் ஏறினாள்.

மகன் ஹுஸ்னிக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. பிறந்தபோது மூச்சு வரத் தாமதமாகி மூளை பாதிக்கப்பட்ட பிள்ளை. தலை இன்னும் நிற்கவில்லை. அந்தத் தலை ஒரு தடவையாவது தானாக நிமிர்ந்துவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே துஆ.

ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி கொடுக்கிற மிஸ் மளமளவென்று பேசினார். அதில் ஜஸ்லா பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான்: "வெடிபுர பீம." வெடிபுர என்றால் கூடுதலாக. பீம என்றால் குடிக்கிற சாமான். பிள்ளைக்கு நிறையக் குடிக்கக் கொடுக்கச் சொல்கிறார், இதை விளங்க அன்ஸாப் வேறு வர வேண்டுமா?

அன்று முதல் தோடம்பழச் சாறு, இளநீர், கஞ்சித் தண்ணீர் என்று போத்தலும் கையுமாகவே திரிந்தாள். குடிக்கக் குடிக்கப் பிள்ளைக்குப் புரையேறியது. எடை இறங்கியது. குளிர் ஏறுமென்று சீமெந்துத் தரையில் அவனை விடவுமில்லை. மடி விட்டால் தோள். சொன்னதைத்தானே செய்கிறோம், பிறகு ஏன் பிள்ளை இப்படிப் போகிறான் என்று அவளுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை.

அடுத்த கிளினிக்குக்கு அன்ஸாபும் வந்தான். போத்தலைக் கண்டு மிஸ் ஏதோ கேட்டார். அவன் பதில் சொன்னான். பிறகு இருவரும் ஜஸ்லாவையே பார்த்தார்கள்.

"பீம இல்ல ஜஸ்லா, பிம. தரை. கூடுதலா தரையில குப்புறப் போடச் சொல்லியிருக்காங்க. சாப்பாட்ட மசிச்சுக் கெட்டியா குடுக்கணுமாம். தண்ணியா குடுத்தாத்தான் இவனுக்குப் புரையேறுதாம்."

ஒரு நெடில்! என் பிள்ளைக்கு நானே எதிரியாகிவிட்டேனே என்று அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

மிஸ் ஏசவில்லை. ஹுஸ்னியைப் பாயில் குப்புறக் கிடத்தினார். அவன் அழுதான், முனகினான், பிறகு தலையைத் தூக்கப் பார்த்தான். நாடி பாயை விட்டு லேசாகக் கிளம்பி, உடனே விழுந்தது. மிஸ்ஸுக்கு ஆச்சரியம். வீட்டில் இவனைத் தரையில் போட்டுப் பழக்கியது யார் என்று கேட்டார்.

யாரும் போடவில்லையே. ஜஸ்லா திருதிருவென்று விழித்தாள். பிறகுதான் நினைவு வந்தது. மல்லாத்தினால் கக்குகிறான் என்று, தொழும்போது முஸல்லாப் பாயின் ஓரத்தில் அவனைக் குப்புறப் போடுவாள். அவன் அழுகை தாங்காமல் தொழுகையை அவசரமாக முடித்து அள்ளிக்கொள்வாள்.

"தொழக்குள்ள மட்டும்தான்," என்றாள். "அதையும் சுருக்கிட்டேன்."

வீட்டுக்கு வந்து அஸர் தொழுதாள். சுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்ததும் பக்கத்தில் குப்புறக் கிடந்த ஹுஸ்னி வீறிட்டான். அவள் எழும்பவில்லை. தஸ்பீஹை மெல்ல மெல்ல ஓதினாள். தொழுகிறாளா, பயிற்சி கொடுக்கிறாளா, இப்படிச் செய்வது கூடுமா கூடாதா, அவளுக்கே தெரியவில்லை. அழுகை நின்றது. திரும்பிப் பார்க்க மனம் துடித்தது. பார்க்கவில்லை.

தரையில் விரித்திருந்த அவள் கையின்மேல் ஒரு துளி எச்சில் சொட்டியது. சொட்டுவதென்றால் மேலேயிருந்துதானே சொட்ட வேண்டும்.