கையைப் பின்னால் கட்டிக்கொண்டு

நோரீன் மெல்னிக்கின் கை ஓரிடத்தில் சும்மா இருக்காது. கனடாவின் தண்டர் பே ஊரில் அவளைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். விருந்துக்குப் போன வீட்டில் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு வருவாள். சர்ச்சில் முன்வரிசை ஆளின் காலர் மடங்கியிருந்தால், பாதிரியார் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போதே எட்டி அதை நிமிர்த்திவிடுவாள். இதெல்லாம் நல்ல குணம் என்றுதான் ஐம்பத்திரண்டு வயது வரை நினைத்திருந்தாள். அந்த நல்ல குணமே தன் வேலைக்கு வேட்டு வைக்கும் என்று அவள் கண்டாளா என்ன.

மாமனாருக்குப் பக்கவாதம் வந்தபோது, "கொஞ்ச நாள் வீட்டோட இருந்து பாத்துக்கிறேன்" என்று சொல்லி ஆஸ்பத்திரி வேலையை விட்டவள் அவள். கொஞ்ச நாள் எட்டு வருஷமாக நீண்டது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, உடுத்திவிடுவது எல்லாம் நோரீன்தான். போன வருஷம் பனி உருகும் சமயத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் வருவது நின்றதும், மறுபடி நர்ஸ் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

கிளம்பினால் போதுமா? அவளுடைய நர்ஸ் பதிவு எப்போதோ காலாவதியாகி இருந்தது. மறுபடி படிப்பு, மறுபடி பரீட்சை. மகள் வயதுப் பெண்களோடு உட்கார்ந்து எழுதினாள், அவர்களை விட நன்றாகவே எழுதினாள். மிச்சம் இருந்தது ஒன்றுதான். ஆஸ்பத்திரி வார்டில் ஒரு மேற்பார்வை நர்ஸின் கண்முன்னால் வேலை செய்து காட்டி, "இவள் தனியாக நோயாளியைப் பார்க்கலாம்" என்று அந்த நர்ஸிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அது கிடைத்தால் நர்ஸ். கிடைக்காவிட்டால் படித்ததெல்லாம் வீண், வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

வார்டு எது தெரியுமா? பக்கவாதமோ விபத்தோ வந்து உயிர் பிழைத்தவர்கள், தானே நடக்கவும் சாப்பிடவும் உடுத்தவும் மறுபடி பழகுகிற வார்டு. அங்கே நோயாளிக்கு உதவி செய்யாமல் இருப்பதுதான் பாதி வேலை. நோரீனைக் கொண்டுபோய் அங்கேயா போடுவார்கள்?

மேற்பார்வை நர்ஸ் மரிவிக் அபெல்யானா. மணிலாவிலிருந்து வந்து இந்த ஊர்க் குளிரில் கெட்டிப்பட்டவள். நோரீனை விடப் பல வருஷம் இளையவள்தான், ஆனால் வார்டில் அவள் தொண்டையைச் செருமினால் டாக்டர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

முதல் வாரமே நோரீன் ஒரு நோயாளியின் ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். மரிவிக் கண்ணை உருட்டியதோடு விட்டாள். இரண்டாவது வாரம் தோய்வோ ரந்தனென் என்ற நோயாளியின் காலுறை விஷயம் வந்தது. மரிவிக் அவளை மருந்து அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"நோரீன், ஊசி போடுறதுல உங்களை அடிச்சுக்க ஆளில்ல. மருந்துக் கணக்கை என்னை விட வேகமா போடுறீங்க. ஆனா தோய்வோ கால்ல அந்த சாக்ஸை மாட்டினது யாரு?"

"அவர் ரொம்ப நேரமா கஷ்டப்பட்டுக்கிட்டு இருந்தாரு."

"கஷ்டப்படத்தானே இங்க சேந்திருக்காரு."

"எனக்கே தெரியாம கை போயிடுது மரிவிக்."

"கை போயிடுச்சுன்னு ரிப்போர்ட்ல எழுதட்டுமா? நாளைக்கு அவர் தனியா வீட்டுக்குப் போனா, உங்க கையையும் கழட்டிக் கொடுத்து அனுப்புவீங்களா?"

நோரீனுக்குச் சுருக்கென்றது. "எட்டு வருஷம் ஒரு மனுஷனை இந்தக் கையாலதான் பாத்துக்கிட்டேன். அவர் உடம்புல ஒரு புண்ணு வரவிட்டதில்ல. அதெல்லாம் தப்புன்னு சொல்றீங்களா?"

மரிவிக் கொஞ்சம் தணிந்தாள். "தப்புன்னு யாரு சொன்னா? அங்க நீங்க மருமக. இங்க நர்ஸ். அது வேற, இது வேற. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என்னால கையெழுத்துப் போட முடியாது. எனக்கும் அது பிடிக்காது, சொல்லிட்டேன்."

அன்று ராத்திரி நோரீன் சாப்பாட்டு மேஜையில் கணவன் டெனிஸின் தட்டிலிருந்த இறைச்சியைத் துண்டு துண்டாக நறுக்கிக்கொண்டே இந்தக் கதையைச் சொன்னாள். டெனிஸ் தட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"என்னையும் அந்த வார்டுல சேத்துவிடேன்" என்றான்.

கத்தியை அவன் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனாள். சிரிப்பு வரவில்லை. மரிவிக் சொன்னது உண்மையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் வந்தது.

தோய்வோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பின்லாந்து வம்சத்துக்காரர், ஊர் ஹாக்கி அரங்கில் பனித்தரையை மழமழவென்று தேய்க்கிற வண்டியைக் காலமெல்லாம் ஓட்டியவர். மனைவி இறந்த பிறகு ஏரிக்கரை வீட்டில் தனியாக இருந்தார். சனிக்கிழமை தவறாமல் சவுனா என்கிற நீராவி அறையில் விறகு மூட்டி வேர்த்து விறுவிறுத்து உட்காருவார். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு சனிக்கிழமைதான் வலது கையும் வலது காலும் அவர் பேச்சைக் கேட்காமல் போயின. கால் ஓரளவு திரும்பிவிட்டது. கைதான் முரண்டு பிடித்தது.

அவரை எங்கே அனுப்புவது என்று முடிவுசெய்ய வெள்ளிக்கிழமை காலை டாக்டரோடு கூட்டம். டொரொண்டோவிலிருந்து மகள் அய்லா வந்திருந்தாள். அப்பாவுக்கு ஒரு முதியோர் இல்லத்தில் இடமும் பார்த்து வைத்துவிட்டாள், பாசத்தில்தான். தோய்வோவால் தானே உடுத்திக்கொள்ள முடிந்தால் வீடு. முடியாவிட்டால் இல்லம். காலையில் அவர் உடுத்துவதைப் பார்த்துவிட்டுக் கூட்டத்தில் சொல்ல வேண்டியது நர்ஸின் வேலை. மரிவிக் அந்த வேலையை நோரீனுக்குக் கொடுத்தாள். வேண்டுமென்றேதான் கொடுத்தாள்.

"விழப் போனா பிடிங்க. மத்தபடி தொடக்கூடாது. வாயால சொல்லிக்கொடுத்தாலும் உதவிதான்" என்றாள். "நான் கூடவே நிக்கிறேன்."

தோய்வோ கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். காற்சட்டையை முனகிக்கொண்டே எப்படியோ ஏற்றிவிட்டார். பக்கத்தில் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை. நோரீன் அவருக்கு எதிரே, கை எட்டும் தூரத்தில் நின்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"என்ன, போலீஸ்காரி மாதிரி நிக்கிற?" என்றார் தோய்வோ.

"நீங்க சட்டையைப் போடுங்க."

சட்டையை எடுத்தவர் நல்ல கையான இடது கையை முதலில் நுழைத்தார். வராத கையைத்தான் முதலில் நுழைக்க வேண்டும், இல்லையென்றால் சட்டை முதுகில் முறுக்கிக்கொள்ளும். வாரக்கணக்காக அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அதுதான். பதற்றத்தில் மறந்துவிட்டார் மனுஷன். நோரீன் வாயைத் திறக்கப் போனாள். மரிவிக் அவளைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து அடுத்த அறையில் யாரோ விழுகிற சத்தம் கேட்டது, மணியும் அலறியது. மரிவிக் ஓடினாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

அறையில் இவர்கள் இரண்டு பேர்தான்.

தோய்வோ வலது தோளை எவ்வளவு முன்னால் தள்ளியும் சட்டைக் கை எட்டவில்லை. மூச்சு வாங்கியது. நெற்றியில் வேர்வை. சட்டை பாதி முதுகில், பாதி இடுப்பில் சுருண்டு கிடந்தது.

"கொஞ்சம் இழுத்து விடேன்" என்றார் தணிந்த குரலில். "அந்தம்மா போயிட்டா. யாரு பாக்கப் போறா?"

"முடியாது தோய்வோ."

"ஒரு இழுப்பு. அவ்வளவுதான். உனக்கும் பாஸ், எனக்கும் வீடு."

சும்மா சொல்லக்கூடாது, கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஒரே ஒரு இழுப்பு. யாருக்கும் தெரியாது. நோரீனின் விரல்கள் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று நெரித்தன.

"கல் நெஞ்சுக்காரி" என்றார் அவர். கண்ணில் நீர் கோத்துவிட்டது. "உங்க வீட்டுல ஒரு கிழவனை இப்படி விட்டுட்டு நிப்பியா?"

நிற்க மாட்டாள். நின்றதே இல்லை. அதுதான் அந்த நிமிஷம் அவளைப் போட்டு உலுக்கியது. மாமனார் படுக்கையில் விழுந்து சில மாதங்கள் ஆகியிருந்த ஒரு மத்தியானம், பீட்ரூட் சூப்பை அவள் ஊட்டிக்கொண்டிருந்தபோது அவர் இடது கையை நீட்டிக் கரண்டியைப் பிடித்தார். சிந்திவிடும், போர்வையெல்லாம் கறையாகும் என்று அவள் மெதுவாக அந்த விரல்களைப் பிரித்துக் கரண்டியை வாங்கிக்கொண்டாள். அன்போடுதான் வாங்கினாள். அதற்குப் பிறகு அவர் கரண்டிக்குக் கை நீட்டவே இல்லை. அந்த மனுஷனுக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது கரண்டி, சூப் இல்லை. இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் அது அவளுக்குப் புரிந்தது. மாமனாரிடம் போய்ச் சொல்லவும் வழியில்லை.

இந்த மனுஷன் கையிலிருந்தாவது எதையும் வாங்கக்கூடாது என்று முடிவு செய்தாள்.

"தோய்வோ, உங்களால முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க. கூட்டத்துல அப்படியே சொல்றேன்" என்றாள். "நான் போட்டுவிட்டு நீங்க போட்டதா மட்டும் சொல்ல மாட்டேன்."

அவர் அவளை முறைத்தார். பின்லாந்து மொழியில் ஏதோ சொன்னார், கும்பிடுகிற வார்த்தையாக இருக்க முடியாது. முடியவில்லை என்று மட்டும் சொல்லவில்லை.

அவள் நகராமல் நின்றாள். சும்மா நிற்கவில்லை. அவர் பாதம் தரையில் பதிந்திருக்கிறதா என்று பார்த்தாள், மூச்சைப் பார்த்தாள், உதட்டு நிறத்தைப் பார்த்தாள். வலப்பக்கம் சாய்ந்தபோது ஒரு கால் எடுத்து வைத்துக் கையை அவர் தோளுக்குக் கொண்டுபோனாள். அவர் கட்டிலை அழுத்தித் தானே நிமிர்ந்தார். கை மறுபடி பின்னால் போய்விட்டது. இவ்வளவு வேலை செய்த களைப்பு அவளுக்கு எந்த நாளிலும் வந்ததில்லை.

தோய்வோ கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். பிறகு சட்டையைப் பிடித்து இழுத்து மொத்தமாகக் கழற்றினார். மடியில் விரித்தார். வலது கையைத் தூக்கி, குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் சட்டைக் கைக்குள் வைத்து, இடது கையால் மேலே ஏற்றினார். தோள் வரை ஏறியது. முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து இடது கையை நுழைத்தார். பிறகு ஒற்றைக் கையால் பொத்தான்கள். ஒவ்வொன்றாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, திட்டிக்கொண்டே போட்டார்.

கடைசிப் பொத்தானுக்குத் துளை இல்லை. முதலிலிருந்தே ஒன்று தள்ளிப் போட்டிருக்கிறார். காலர் ஒரு பக்கம் காதைத் தொட்டது, இன்னொரு பக்கம் தோளில் சரிந்தது. அவர் குனிந்து பார்த்தார்.

"எனக்கு இது போதும்" என்றார்.

கதவைத் திறந்துகொண்டு அய்லா வந்தாள். "ஐயோ அப்பா, என்ன கோலம் இது" என்று சொல்லிக்கொண்டே பொத்தானுக்குக் கையை நீட்டினாள். நோரீன் குறுக்கே போய் அவள் கையைப் பிடித்தாள்.

"தொடாதீங்க, தயவு செஞ்சு."

"கோணலா இருக்கு."

"இருக்கட்டும். அவர் போட்டது."

அய்லா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டாள். தன் அப்பா இப்படித் தலைநிமிர்ந்து உட்கார்ந்து அவள் பார்த்து மாதக்கணக்காகியிருக்கும்.

மரிவிக் மூச்சிரைக்க வந்தாள். அடுத்த அறை ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, விழுந்தது தண்ணீர்க் கூஜாவும் மேஜையும்தான். வந்ததும் நோரீனைப் பார்த்துக் கேட்டாள்.

"உதவி செஞ்சீங்களா?"

"இல்ல."

மரிவிக் தோய்வோ பக்கம் திரும்பினாள். காதுக்கு ஏறிய காலரைப் பார்த்தாள், துளை கிடைக்காமல் தொங்கிய கடைசிப் பொத்தானைப் பார்த்தாள். சர்ச்சில் அடுத்தவர் காலரைக்கூட விட்டுவைக்காத பெண்பிள்ளை போட்டுவிட்ட சட்டையா இது?

"தெரியுது" என்றாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். வெளியே வந்து நடைபாதைச் சுவரிலேயே அந்தச் சான்றுத் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டு நோரீனின் கையில் கொடுத்தாள்.

தோய்வோ ஊன்றுகோலோடு நடந்தார். நோரீன் ஒரு அடி பின்னால் போனாள். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் சட்டையைத்தான் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது அவளுக்கு. பட்டமளிப்பு நாளில்கூட அவள் இவ்வளவு பெருமையாக நடந்ததில்லை.

கூட்ட அறையில் டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். பார்வை அந்தக் கோணல் சட்டையில் நின்றது. முகம் சுருங்கியது.

"இன்னைக்கு இவருக்கு நர்ஸ் யாரு?" என்று கேட்டார்.

இந்த வாரங்களில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எப்போதும் மரிவிக்தான். இப்போது அவள் தன் பேனா மூடியைத் தேடுகிறவள்போல் குனிந்துகொண்டாள்.

"நான்தான் டாக்டர்" என்றாள் நோரீன். "சட்டையை அவரே போட்டுக்கிட்டார்."