பே, பீ, பை, போ, பியூ

1

இதைக் கட்டுரையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆங்கிலேயர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டச் சொல்லித்தந்த பழைய பாடப்புத்தகங்களைப் பற்றி, தேனியில் இருந்துகொண்டு, யாரும் கேட்காமலேயே. முதல் வரி இப்படி: ‘நானூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்துப் பிள்ளைகளின் கையில் ஒரு மரப்பலகை இருந்தது, அதில் ஒட்டிய தாள் கிழியாமலிருக்க மாட்டுக்கொம்பை மெல்லிய தகடாகச் சீவி’

(இதை முடிக்கவில்லை. எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.)

2

ஆனால் அந்தப் பலகையில் அகரவரிசைக்குக் கீழே ஒரு வரி உண்டு. ஆங்கில ‘பி’ எழுத்தோடு உயிரெழுத்துகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து ba, be, bi, bo, bu என்று எழுதியிருப்பார்கள். பிள்ளைகள் அதை ‘பே, பீ, பை, போ, பியூ’ என்று கத்திப் படிக்க வேண்டும். பின்னால் வந்த எழுத்துக்கூட்டுப் புத்தகங்களும் இந்த வரிசையை விடவில்லை. பொருளே இல்லாத ஓசைகள்; நம் க, கா, கி, கீக்கு ஒன்றுவிட்ட தம்பிகள். பெரிய சொல்லைப் பார்த்து மிரளும் பிள்ளைக்கு அதைப் பிட்டுப் பிட்டு ஊட்ட வேண்டும் என்று யாரோ ஒரு வாத்தியாருக்குத் தோன்றியிருக்கிறதே, அந்த மனுஷர்மேல் எனக்குத் தீராத மரியாதை.

3

மரியாதையை மட்டும் வைத்துக்கொண்டு கதை எழுத முடியாது, ஆள் வேண்டும். உத்தமபாளையத்தில் அஷ்ரப் என்று ஒருவரை வைத்தேன். பக்கவாதத்தில் வலது கையும் பேச்சும் போனவர். முதல் வரைவில் அவர் ஏலக்காய் வியாபாரி. வியாபாரிக்கு இந்தப் ‘பே, பீ’ எப்படித் தெரியும்? கடையை மூடவைத்து, ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார் ஆக்கினேன். கடைப் பலகைகளில் ஆங்கிலப் பிழை கண்டால் ஏணி போட்டு ஏறித் திருத்துவார். (மிகை. ஏணியை எடுத்துவிடலாம்.)

அவர் மனைவி சாபிரா. நாலு மாதமாகக் கணவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. சின்னச் சின்ன ஓசையாகச் சொல்லிக்காட்டச் சொல்லியிருக்கிறார் பேச்சுப் பயிற்சி தரும் அம்மா. அ, ஆ சொல்லிப் பார்த்தாயிற்று. அஷ்ரப் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இனிப் பேசவே மாட்டாரோ என்று சாபிராவுக்குப் பயம். எழுதுகிற எனக்கும் அதே பயம்தான்.

4

மகள் ஷாஜியா மதுரைப் பழைய புத்தகக் கடையிலிருந்து எழுத்துக்கூட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கி வருகிறாள். (மூன்று விதமாக அதை வீட்டுக்குள் கொண்டுவந்து பார்த்தேன். இதுதான் குறைந்த பொய்.)

“இதை வாசிச்சுக் காட்டும்மா.”

“எனக்கு இங்கிலீசு எங்க தெரியும்?”

“போன்ல தெனமும் இங்கிலீசு எழுத்துலதான தமிழ அடிக்கிற?”

உண்மைதான். ‘சாப்டியா’, ‘எப்ப வர்ற’ எல்லாவற்றையும் அப்படித்தான் தட்டுவார். அந்தத் துணிச்சலில், பழக்கப்பட்ட மாதிரியே ‘பி’ வரிசையைப் படிக்கிறார்.

“ப, பெ, பி, பொ, பு.”

அஷ்ரப் கண்ணைத் திறக்கிறார்.

“ப, பெ...”

“பே.”

சாபிராவின் விரல் அந்த வரியிலேயே நின்றுவிடுகிறது.

“அத்தா முனகுறாகம்மா,” என்கிறாள் ஷாஜியா, தகப்பனாரைப் பார்த்தபடி மெதுவாக.

“இல்லடி, திருத்துறாக. முப்பது வருசமாத் திருத்து வாங்குறவளுக்குத் தெரியாதா?”

5

பேச்சுப் போனவர்கள் வாயில் சாதாரணமாகவே ‘பே’ என்றுதான் வரும். ஷாஜியாவின் சந்தேகம் நியாயமானது.

முடிவு ஒன்று: அன்று மாலைக்குள் அஷ்ரப் புத்தகத்தையே ஒப்பிக்கிறார். (அடித்துவிட்டேன். நாலு மாதம் தவித்தவளிடம் இப்படி அளக்கக்கூடாது.)

முடிவு இரண்டு: ஷாஜியா சொன்னதுபோல அது வெறும்

(மனசு வரவில்லை.)

6

என்னைவிட சாபிரா கெட்டிக்காரர். ‘சி’ (c) வரிசை ‘க’வா ‘ச’வா என்று ஆளைக் குழப்பும் என அதைத் தாண்டி ‘டி’ வரிசைக்குப் போகிறார். அதன் சரியான முதல் ஓசை ‘டே’. கணவன் வாயால் ‘டே’ கேட்க இத்தனை ஆசைப்பட்ட மனைவி உத்தமபாளையத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

“ஏங்க, இதையும் கேளுங்க,” என்கிறார். வேண்டுமென்றே தப்பாகப் படிக்கிறார். “ட, டெ, டி, டொ, டு.”

அஷ்ரப்பின் முகத்தில் பழைய வாத்தியார் எரிச்சல் லேசாகத் தெரிகிறது. அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது. உதடு இரண்டும் ஒட்டினால் ‘பே’, முனகல். ஒட்டாமல் நாக்கு மேலே எழுந்தால் ‘டே’, அவர் உள்ளே முழுசாக இருக்கிறார்.

எழுத்துக்கூட்டத் தெரிந்தவர் நீங்கள். அவர் வாய் அசைகிறது. நான் பேனாவை மூடுகிறேன். அவருக்காக நீங்கள் சொல்லுங்கள், சாபிராவுக்குக் கேட்கும்படி, சத்தமாக.